வீட்டில் கிட்டார் பதிவு: மிக்ஸிங்கில் சரிசெய்ய முடியாத தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை, ஒரு கிட்டார், ஒரு லப்டொப், காசு கொடுக்காமல் இறக்கிய ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். நல்ல பதிவொன்றுக்கு இவ்வளவும் போதும். பாட்டு சரியாக வரவில்லை என்றால் பலரும் இலவச மென்பொருளைத்தான் குறை சொல்கிறார்கள். அவர்களுடைய ட்ராக்குகளைத் தனித்தனியாகக் கேட்டால், ரெக்கோர்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பாதிக் காரியம் கெட்டிருப்பது தெரியும். "மிக்ஸ் பண்ணும்போது (பதிந்தவற்றைச் சேர்த்துச் சமப்படுத்தும்போது) பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்புத்தான் எல்லாவற்றுக்கும் மூலம்.

முதலில் உறுமல். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். எலக்ட்ரிக் கிட்டாரைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று கேட்பது அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸும்தான். சாதாரண சுருதியில் கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹேர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதனால் ஈக்யூவில் (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) 50ஐ வெட்டினால் நட்டம் ஒன்றுமில்லை. சிக்கல் 100இல் இருக்கிறது. ஜி கோர்ட் பிடிக்கும்போது தடித்த கம்பியின் மூன்றாவது கட்டத்தில் விரல் வைப்பீர்களே, அந்தச் சுரம் 98 ஹேர்ட்ஸ். 100ஐ வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும். மற்ற கோர்ட்டுகள் நிறைவாக ஒலிக்க, ஜி மட்டும் மெலிந்து கேட்கும். ஆகவே உறுமலை அது வரும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். உறுமல் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. குறையாவிட்டால் கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சிங்கிள் கொய்ல் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டாரில் ஏதோ ஒரு கோணத்தில் சத்தம் நன்றாக அடங்கும்.

அடுத்தது ஃபேன். கொழும்புப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்துவது சுலபமல்ல, ஆனாலும் மைக்கில் பதியும்போது நிறுத்தத்தான் வேண்டும். சத்தத்தை அப்புறம் 'நொய்ஸ் ரிடக்ஷன்' போட்டு நீக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது ஃபேன்போல ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான் ஓரளவு கைகொடுக்கும். கரையோரப் பாதையில் ரயில் போகும் சத்தத்தையோ காலி வீதி ஹோர்னையோ அது தொடாது. அளவைக் கூட்டக் கூட்டக் கிட்டார், தண்ணீருக்குள் வைத்து வாசித்ததுபோல ஆகிவிடும். 12 டெசிபலே கிட்டாருக்கு அதிகம் என்பது என் கருத்து. 6இல் தொடங்கிக் காதால் கேட்டுக் கூட்டுங்கள். ரயில் பாதைக்குக் கிட்ட வீடு என்றால் இரவு பிந்திப் பதிவதைவிட வேறு வழியில்லை. ஏசியைப் போட்டு நிறுத்தும்போது கம்பிகளின் சுருதியும் நகரும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் டியூனரைப் பாருங்கள். சுருதி விலகிய கிட்டாரை எந்த மென்பொருளாலும் உருப்படியாகத் திருத்த முடியாது.

அகூஸ்டிக் கிட்டாருக்கு மைக்கை நேராகத் துவாரத்துக்கு முன்னால் வைப்பதும் வழக்கமான தவறு. சத்தம் அங்கேதான் பெரிதாக வருகிறது, ஆனால் அதில் 'பூம்' என்ற அடித்தொனிதான் நிறைந்திருக்கும். பன்னிரண்டாவது கட்டத்துக்கு நேரே, ஒன்றரைச் சாண் தூரத்தில் வைத்து, அங்கிருந்து விரல் விரலாக நகர்த்திக் கேளுங்கள். இந்தப் பத்து நிமிட வேலை, பிறகு ஈக்யூவோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதை மிச்சப்படுத்தும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எதிரொலியும் கூடவே பதிவாகும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிப் பிரயோசனமில்லை. மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து விடுங்கள்.

ஒலி அளவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 24 பிட்டில் பதிந்து, பலமாக வாசிக்கும் இடம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். ஓடாசிட்டி 32 பிட் ஃபுளோட்டில் வேலை செய்வதால் ஒலி வெடிக்காது (அளவு மீறிச் சிதையாது) என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரண இண்டர்ஃபேஸில் (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டியில்) ஒலி உள்ளே நுழையும் இடத்திலேயே வெடித்துவிட்டால், பிறகு எத்தனை பிட் இருந்தும் பயனில்லை.

இனி அதிகம் பேரை அலைக்கழிக்கும் விஷயம். முதல் கிட்டாரைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதை வாசிக்கிறீர்கள். வாசிக்கும்போது தாளம் சரி. திரும்பப் போட்டால் இரண்டாவது பின்தங்கி நிற்கிறது. வேகமான பைலாத் தாளத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 170 மில்லிசெக்கன்தான் இருக்கும். அதில் 40 பிந்தினாலே ஆட்டம் கலைந்துவிடும். பலர் தங்கள் வாசிப்பைச் சந்தேகித்து, வேண்டுமென்றே முந்தி வாசிக்கப் பழகுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நல்ல கை அதில் கெட்டுப்போகும். கணினிக்குள் ஒலி போய்வர எடுக்கும் நேரம் அது. ஓடாசிட்டியின் அமைப்புகளில் 'லேட்டன்சி கொம்பன்சேஷன்' என்ற இடத்தில் மைனஸ் 130 மில்லிசெக்கன் என்று முன்கூட்டியே போட்டிருக்கும். அது ஒரு பொது ஊகம், உங்கள் கருவிக்கு அளந்து போட்டதல்ல. 'ரிதம் ட்ராக்' ஒன்றை உருவாக்கி, ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதை இன்னொரு ட்ராக்கில் பதியுங்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் தட்டுகளுக்கு இடையிலான இடைவெளி தெரியும். புதியது 40 மில்லிசெக்கன் பிந்தியிருந்தால் மைனஸ் 130ஐ மைனஸ் 170 ஆக்குங்கள். கருவியையோ அதன் ஒலி அமைப்புகளையோ மாற்றும்வரை அதுவே நிற்கும்.

கிட்டாரை அகலமாக்க ஒரே ட்ராக்கைப் பிரதி எடுத்து இடம் வலமாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்பதால் ஒலி நடுவிலேயே நிற்கும், சத்தம் மட்டும் கூடும். பிரதியைச் சில மில்லிசெக்கன் தள்ளி வைத்தால் ஹெட்ஃபோனில் அழகாகத்தான் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கர் ஃபோனில் இரண்டும் மோதி உள்ளீடற்ற ஒலியாகிவிடும். அதே பகுதியை இன்னொரு முறை வாசித்துப் பதியுங்கள். இரண்டு வாசிப்புக்கும் இடையே இயல்பாக வரும் சின்னச் சின்ன வித்தியாசம்தான் அந்த அகலத்தைத் தருகிறது.

எலக்ட்ரிக் கிட்டாரை நேரடியாகச் செருகி ஆம்பின் ஒலியைக் கணினியிலேயே உருவாக்கும் 'நியூரல் ஆம்ப் மாடலர்' போன்ற இலவச ப்ளகினில் ஓடவிடுகிறவர்கள், கெபினட் ஐஆர் கோப்பைப் போட மறந்துவிட்டு "கரகர என்கிறது" என்கிறார்கள். ஆம்பின் ஒலி ஸ்பீக்கர் பெட்டி வழியாக வரும்போதுதான் அந்தக் கூர்மை தணியும். அந்தப் பெட்டியின் வேலையைத்தான் ஐஆர் செய்கிறது.

கடைசியில் லிமிட்டரை (உச்சங்களை அமுக்கிச் சத்தத்தை ஏற்ற உதவும் கருவியை) போட்டு எல்லாவற்றையும் முழுச் சத்தத்துக்கு ஏற்றாதீர்கள். ஸ்பொட்டிஃபை பாட்டுகளை வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தி ஒலிக்க விடுகிறது. நீங்கள் நசுக்கி ஏற்றியதை அது இறக்கிவிடும். நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும். நண்பர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும். வேவ் கோப்பையும் ப்ரொஜெக்டையும் அழிக்காமல் வேறொரு டிரைவில் போட்டு வையுங்கள். எம்பி3யை வைத்துக்கொண்டு கிட்டாரை மட்டும் கொஞ்சம் குறைக்க முடியாது.