தோட்டத்துக் கேமரா மெயில் அனுப்பவில்லையா? பாஸ்வேர்டின் நீளத்தைப் பாருங்கள்

கம்பத்திலும் போடியிலும் வீடு, குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் என்றிருப்பவர்கள் பலர் காய் உலர்த்தும் ஸ்டோரில் கேமரா வைத்திருப்பீர்கள். ஆள் நடமாடினால் வர வேண்டிய மெயில் வரவில்லை என்றால், மலையில் சிக்னல் இல்லை என்று உடனே முடிவுகட்டாதீர்கள்.

கேமராப் படத்தைப் பதிவுசெய்யும் பெட்டியான டிவிஆரில், பழையவை சிலவற்றில் மெயில் பாஸ்வேர்டுக்கு நீள வரம்பு உண்டு. மிஞ்சிய எழுத்துகளை வெட்டிவிட்டு, சேமித்துவிட்டதாகவே காட்டும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாதது பெரிய குறை.

ஜிமெயில் என்றால், 2022 மே கடைசியிலிருந்து வழக்கமான பாஸ்வேர்டு இந்தக் கருவிகளில் செல்லாது. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு 'ஆப் பாஸ்வேர்டு' எடுங்கள்; இது இப்படிப்பட்ட கருவிகளுக்கென்று கூகுள் தனியாக உருவாக்கித் தரும் பாஸ்வேர்டு. அது 16 எழுத்து. நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும்; இடைவெளியோடு அடித்தால் 19 ஆகிவிடும், சேர்த்தே அடியுங்கள். கட்டத்தில் விழும் புள்ளிகளை எண்ணுங்கள். 16க்குக் குறைந்தால் கருவி முழுதாக வாங்கவில்லை. ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மெயிலை விட்டு மொபைல் ஆப் அறிவிப்புக்கு மாறுவதே நல்லது.

சேமித்ததும் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள். பிறகு எப்போதாவது கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டு ரத்தாகிவிடும். புதிதாக ஒன்று எடுத்துப் போட வேண்டும்.