கோல்ஃப் போட்டியில் விதிச் சந்தேகம் வந்தால் செய்யக்கூடாதவை

கோல்ஃபில் ஒவ்வொரு குழுவோடும் நடுவர் நடந்து வருவதில்லை. சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கோவை, ஊட்டி, கொடைக்கானல் போட்டிகளுக்குப் போகிறவர்கள் பாதி மைதானத்தில் சந்தேகம் வந்து நிற்கும்போது பெரும்பாலும் கூட ஆடுபவரைத்தான் கேட்கிறார்கள். "பரவாயில்லை, எடுத்து வச்சு அடிங்க" என்கிறார் அவர். முதல் தவறே இதுதான். கூட ஆடுபவர் சம்மதித்தார் என்பதற்காகத் தவறான முறை சரியாகிவிடாது. விதி தெரிந்தும் இருவரும் பேசிவைத்து அதைக் கைவிட்டால் இருவருமே வெளியேற்றப்படுவார்கள்.

மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது: சந்தேகத்துக்குரிய இரண்டு முறைக்கும் ஒவ்வொன்றாக இரண்டு பந்து ஆடுவது. சந்தேகம் வந்தவுடன், அடுத்த அடிக்கு முன்பே, உங்கள் ஸ்கோரைக் குறிக்கும் மார்க்கரிடம் இரண்டு பந்து ஆடப்போவதைச் சொல்ல வேண்டும். விதி இடம் கொடுத்தால் எந்தப் பந்தின் ஸ்கோர் சேர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் முதலில் அடித்த பந்துதான் உங்கள் தேர்வாக எடுத்துக்கொள்ளப்படும். பிறகு இரண்டையும் குழியில் போட்டு முடியுங்கள். சேராத பந்துக்கு அடித்த அடிகள் கணக்கில் வராது.

இந்த முறை தெரிந்தவர்களும் கோட்டை விடுவது கடைசிக் கட்டத்தில்தான். ஸ்கோர் கார்டைக் கொடுக்கும் முன் நடந்ததைப் போட்டியை நடத்தும் கமிட்டியிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பந்திலும் 5 வந்தது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டால் வெளியேற்றம்தான். குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேயில் இந்த வழியே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2019-ல் விதிகள் மாறியதை இன்னும் கவனிக்காதவர்கள் இருக்கிறார்கள். பந்தைத் தேட இப்போது 5 நிமிடம் இல்லை, 3 நிமிடம்தான். டிராப் செய்வது, அதாவது பந்தைக் கையிலிருந்து விழவிடுவது, முழங்கால் உயரத்திலிருந்து. பழைய பழக்கத்தில் தோள் உயரத்திலிருந்து விட்டால், அடிக்கும் முன் எடுத்து மறுபடி சரியாக விடலாம், தண்டனை இல்லை. அப்படியே அடித்தால், பந்து உரிய இடத்துக்குள் இருந்தாலும் 1 பெனால்டி, அதாவது ஸ்கோரில் ஓர் அடி கூடும்.

பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால், அது கிடைக்காவிட்டால் பயன்பட இன்னொரு தற்காலிகப் பந்தை அடிக்கும் முன் "பிரொவிஷனல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "இன்னொண்ணு அடிக்கிறேன்" என்பது போதாது. அப்படிச் சொல்லி அடித்த பந்தே ஆட்டப் பந்தாகிவிடும். முதல் பந்து உடனே கிடைத்தாலும் பயனில்லை.

சேர்வராயன் மலையில் இருப்பவர்களுக்குக் குரங்கு பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது புதிதல்ல. நின்றிருந்த பந்தை அது எடுத்ததைப் பார்த்திருந்தால் தண்டனையின்றிப் பழைய இடத்திலேயே ஒரு பந்தை வையுங்கள், டிராப் செய்யக்கூடாது. "குரங்கு எடுத்திருக்கும்" என்ற ஊகம் மட்டும் செல்லாது. காட்டெருமை பந்துக்குப் பக்கத்தில் நின்றால் உயிரைப் பணயம் வைத்து அடிக்க வேண்டியதில்லை, ஆபத்தான விலங்குக்கு இலவச நிவாரணம் உண்டு, அதாவது தண்டனையின்றிப் பந்தை வேறிடத்துக்கு மாற்றலாம்.

மழைக்காலத்தில் பேர்வேயில் (குழிக்குப் போகும் வழியில் புல்லைக் குட்டையாக வெட்டிய பகுதி) பந்தை எடுத்துத் துடைத்து வைப்பதும், தொலைந்த பந்துக்கு 2 பெனால்டியோடு முன்னே போய் டிராப் செய்வதும் போட்டி நடத்துபவர்கள் அறிவிக்கும் அன்றைய லோக்கல் ரூலில் இருந்தால் மட்டுமே செல்லும். நண்பர்களோடு ஆடும் பழக்கத்தை நம்பாமல் முதல் டீயில் ஆட்டம் தொடங்கும் முன் அந்த லோக்கல் ரூல் தாளைப் படியுங்கள்.

ஸ்கோர் கார்டில் கூட்டல் உங்கள் பொறுப்பல்ல. ஒவ்வொரு ஹோலின் (குழியின்) எண்ணும்தான் உங்கள் பொறுப்பு. கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்த எண்ணே நிற்கும். குறைத்து எழுதியிருந்தால் வெளியேற்றம். பெனால்டி இருப்பதே தெரியாமல் குறைந்திருந்தால் மட்டும் அந்தப் பெனால்டியைச் சேர்த்துக்கொண்டு ஆட்டத்தில் நீடிக்கலாம்.