கிராம்பு எண்ணெய்க்கு பீக் கேலிப்ரேஷன் போடுவது எப்படி?

புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கன்னியாகுமரி கிராம்பு, அதுவும் மாறாமலைப் பக்கத்துச் சரக்கின் எண்ணெயை ஜிசியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி கருவி) ஓட்டினால், அதன் முக்கியப் பொருளான யூஜினாலின் பீக் (வரைபடத்தில் எழும் முகடு) மற்றதையெல்லாம் அமுக்கிவிடும், அதனால் முதலில் நன்றாக நீர்க்கச் செய்து, அந்தப் பீக் உங்கள் ஸ்டாண்டர்டுகளின் (செறிவு தெரிந்த கரைசல்கள்) எல்லைக்குள் விழுகிறதா என்று பாருங்கள். சரி, இனி மென்பொருள். ஐந்து செறிவுகளிலாவது ஸ்டாண்டர்டு ஓட்டி, பெயர், ரிடென்ஷன் டைம் (பீக் வெளிவரும் நேரம்), செறிவு மூன்றையும் கேலிப்ரேஷன் டேபிளில் கொடுங்கள். டைம் விண்டோ (அந்த நேரத்துக்கு முன்பின் அனுமதிக்கும் இடைவெளி) அகலமாக இருந்தால் பக்கத்துப் பீக்குக்கு யூஜினால் என்று பெயர் விழுந்துவிடும். ஜிசிக்குள் பொருள்களைப் பிரிக்கும் கேப்பிலரி குழாயின் நுனியை வெட்டினால் பீக்குகள் முன்னால் நகரும், டேபிளில் டைமை மாற்றுங்கள், கேலிப்ரேஷன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு செக் ஸ்டாண்டர்டும் ஓட்டுங்கள்.

ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கேலிப்ரேஷன் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு) 0.999 வந்ததும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள், அது போதவே போதாது. குறைந்த செறிவுப் புள்ளியை அதே கோட்டில் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் 1/எக்ஸ் வெயிட்டிங் (குறைந்த செறிவுப் புள்ளிகளுக்குக் கூடுதல் எடை) போட்டுப் பாருங்கள், கோட்டை வலுக்கட்டாயமாகப் பூஜ்யத்துக்கு இழுக்காதீர்கள்.