ஜான் கேண்டிக்காக ஒருமுறை: 'பிளேன்ஸ், டிரெய்ன்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்' படத்தை மறுபடி பார்ப்பது எப்படி?

'ஹோம் அலோன்' படத்தில், பரிதவிக்கும் அம்மாவை வேனில் ஏற்றிக்கொள்ளும் போல்கா இசைக்குழுக்காரர்தான் ஜான் கேண்டி. கனடாக்காரர். 1994 மார்ச்சில், 43 வயதில், மெக்சிகோவில் ஒரு படப்பிடிப்புக்குப் போன இடத்தில் காலமானார். அவர் முழு உயரத்துக்கு நிற்பது ஜான் ஹியூஸ் 1987இல் எடுத்த இந்தப் படத்தில். அமெரிக்கர்கள் குடும்பத்தோடு கூடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு நியூயார்க்கிலிருந்து சிகாகோ போயே தீர வேண்டிய நீல் பேஜ் (ஸ்டீவ் மார்ட்டின்); வழியெல்லாம் அவரோடு ஒட்டிக்கொள்ளும் ஷவர் திரை வளைய வியாபாரி டெல் கிரிஃபித் (கேண்டி). 'அன்பே சிவம்' பார்த்தவர்களுக்குக் கதையின் வாசல் பழகியதுதான். இனி முடிவையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்றரை மணி நேரப் படம், இடைவேளை வேண்டாம். டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவுகளை வழுவழுப்பாக்கும் அமைப்பை) அணையுங்கள். இருந்தால் படம் சீரியல் மாதிரித் தெரியும். டெல் மூச்சு விடாமல் பேசுவார், ஆங்கில சப்டைட்டில் கைகொடுக்கும். சேனல்களுக்காக வெட்டிய பிரதியைத் தவிருங்கள். வாடகைக் கார் கவுன்டரில் நீல் கொட்டும் வசவுகளால்தான் அமெரிக்காவில் படத்துக்கு 'ஆர்' சான்றிதழ் (17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களோடு மட்டுமே பார்க்கலாம்) கிடைத்தது. வெட்டிய பிரதியில் அந்தக் காட்சி சப்பென்று போய்விடும். அதில் கேண்டி இல்லை என்பது வேறு விஷயம்.

முதல் தடவை எல்லோர் கண்ணும் கத்துகிற மார்ட்டின் பக்கமே போகும். மறுதடவை யார் பேசினாலும் டெல் முகத்தைப் பாருங்கள். விச்சிட்டா மோட்டல் அறைக் காட்சியை இரண்டு முறை ஓட்டலாம், ஒருமுறை சத்தமில்லாமல். உன் கதைகளில் விஷயமே இல்லை என்று நீல் பொரிந்து தள்ளும்போது கேமரா அடிக்கடி டெல்லிடம் வருகிறது. எல்லாம் கிண்டல்தான் என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. பதில் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. என்னை எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்கு என்னைப் பிடிக்கும் என்கிறார். 'பிடித்திருந்தது' அல்ல, 'பிடிக்கும்'. அந்த மனைவி மேரி இறந்து எட்டு வருடம் ஆகிவிட்டது என்பது கடைசியில், சிகாகோ ஸ்டேஷனில்தான் நமக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு அந்தப் பதிலைக் கேட்டுப் பாருங்கள். மோட்டலில் அவர் எடுத்து வைக்கும் மேரியின் படமும் அப்போதுதான் கண்ணில் உறுத்தும்.

யூடியூப் துணுக்குகளோடு நிறுத்திக்கொள்வதுதான் இங்கே வழக்கமான தவறு. இருவரும் ஒரே கட்டிலில் விழித்து அலறுவது மட்டும் சுற்றுகிறது. முந்தின இரவுச் சண்டை இல்லாமல் பார்த்தால் டெல் வெறும் தொல்லைக்காரராக நின்றுவிடுவார்.

உடம்பால் அவர் செய்யும் நகைச்சுவைக்கு, ரே சார்ல்ஸ் பாட்டு ஓடும் கார் காட்சி. நீல் தூங்குகிறார், டெல் ஓட்டிக்கொண்டே இல்லாத பியானோவை வாசிக்கிறார். விரல்களைக் கவனியுங்கள், அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு லேசான கை. பிறகு கோட் மாட்டிக்கொண்டு இரண்டு கையும் சிக்கும்போது, அதே உடம்பு மூட்டையாகிவிடும்.

எரிந்த காரில், பனியில் தனியே உட்கார்ந்து அவர் மேரியிடம் பேசும் இடத்தை ஓட்டிவிடாதீர்கள். முதல் தடவை ஊரில் காத்திருக்கும் மனைவியை நினைத்துப் புலம்புவதாகத்தான் தோன்றும்.

2022இல் வந்த 4கே டிஸ்க்கில் நீக்கப்பட்ட காட்சிகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உண்டு. படத்தின் நடுவே அவற்றுக்குத் தாவ வேண்டாம், வேகம் செத்துவிடும்.

அடுத்து 'அங்கிள் பக்' (1989), 'ஒன்லி த லோன்லி' (1991). அப்புறம் 'ஜேஎஃப்கே' (1991): கறுப்புக் கண்ணாடியும் வியர்வையுமாக வரும் வக்கீல் அவர்தான், சிரிப்பு கிடையாது. மறைவுக்குப் பின் வெளிவந்த 'வேகன்ஸ் ஈஸ்ட்' படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். விட்டாலும் நஷ்டமில்லை.