‘மழை பெஞ்சிருக்கணும்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு ஐந்தாம் படிவம் படிக்கும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். ஊகிப்பது அவர்களுக்குப் புதிதல்ல. விடியற்காலையில் பால்மரப் பட்டை ஈரமாக இருந்தால், “ராத்திரி மழை பெஞ்சிருக்கணும், இன்னைக்கு வெட்டு இல்ல” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு பெண் ‘இட் ஷுட் ஹேவ் ரெயின்ட்’ என்று எழுதினாள். பெய்திருக்க வேண்டிய மழை பெய்யவில்லை என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பொருளே தலைகீழ்!

நம் ‘வேண்டும்’ இரண்டு வேலை பார்க்கிறது. “அப்பா கிளினிக்குக்குப் போயிருக்கணும்” என்றால், போயிருப்பார் என்ற ஊகமாகவும் இருக்கலாம், ஏன் போகவில்லை என்ற ஆதங்கமாகவும் இருக்கலாம். நமக்குக் குரலே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் சொல்லே வேறு. உறுதியான ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’, ஆதங்கத்துக்கு ‘ஷுட் ஹேவ்’. அப்பா வேலைக்கு வராத காரணத்தை மேனேஜருக்கு எழுதும்போது இது மாறிப்போனால், மகனே அப்பாவைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும். அதனால்தான் இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

‘லாம்’ விகுதியிலும் இதே சிக்கல் உண்டு. “போயிருக்கலாம்” என்று சந்தேகமாகச் சொல்ல ‘மே ஹேவ்’, ‘மைட் ஹேவ்’, ‘குட் ஹேவ்’ மூன்றும் பொருந்தும். ‘கேன் ஹேவ் கான்’ என்று எழுதக் கூடாது. “சொல்லியிருக்கலாமே” என்று மனத்தாங்கலாகச் சொல்வதற்கு ‘யூ குட் ஹேவ் டோல்ட் மீ’. இங்கே ‘மே’ வராது.

வடிவத்தில் வரும் பிழைகள் பழகப் பழகச் சரியாகிவிடும். ‘ஷீ மஸ்ட் ஹேஸ்’ தவறு, யாராக இருந்தாலும் ‘ஹேவ்’தான். அதன்பின் ‘வென்ட்’ வராது, ‘கான்’ வரும். பேச்சில் ‘மஸ்டவ்’ என்று காதில் விழுவதை ‘மஸ்ட் ஆஃப்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘மேபி ஹீ கோ ஆல்ரெடி’ கோப்பிக் கடையில் பேசப் போதும், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தாளில் மதிப்பெண் குறையும்.

எதிர்மறைதான் கடைசிவரை தடுமாற வைக்கிறது. பட்டை காய்ந்து கிடக்கிறது, “மழை பெஞ்சிருக்காது”. பிள்ளைகள் ‘மஸ்ட்’டோடு ‘நாட்’ சேர்க்கிறார்கள். அமெரிக்கர்கள் அப்படிச் சொல்வதுண்டு. நம் பள்ளிகளில் சொல்லித்தருவது பிரிட்டிஷ் வழக்கு என்பதால் ‘கான்ட் ஹேவ்’ என்றே எழுதச் சொல்கிறேன். அந்தப் பெண் இரண்டையும் சேர்த்துத் திருத்தி எழுதினாள்: பட்டை ஈரம் என்றால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’, காய்ந்திருந்தால் ‘இட் கான்ட் ஹேவ் ரெயின்ட்’.