பிராகில் ஆற்றங்கரை விருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செக் குடியரசின் தலைநகரான பிராகில், வல்தாவா ஆற்றங்கரையிலுள்ள உயர்தர உணவகங்களில் மெனு விலையிலேயே ஜன்னல் காட்சியின் விலையும் அடக்கம். அந்தக் காட்சியைப் பலரும் முன்பதிவிலேயே இழந்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, கரை மாறிப்போவது. பிராக் கோட்டை ஆற்றுக்கு மேற்கே, குன்றின்மேல் இருக்கிறது. கம்பா தீவும் அதே மேற்குக் கரையை ஒட்டித்தான் கிடக்கிறது. கம்பாவில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தால் கோட்டை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரே தெரிவது 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலமும் பழைய நகரத்தின் கோபுரங்களும். அதுவும் அழகுதான். ஆனால் கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டு கம்பாவில் மேசை பிடிப்பவர்கள், சொல்லப்போனால், கோட்டை விடுகிறார்கள். கோட்டைதான் வேண்டும் என்றால் பாலத்தின் பழைய நகர முனை இருக்கும் கிழக்குக் கரையில் இடம் தேடுங்கள்.

கரை சரியானாலும் நேரம் தப்பலாம். ஜூனில் சூரியன் மறைய இரவு 9:15 ஆகிவிடும், அதுவும் கோட்டை இருக்கும் திசையில். கிழக்குக் கரையில் 7 மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் கண் கூசும். போட்டோவில் முகமெல்லாம் இருட்டாக விழும். அங்கே 8:30 மணிதான் நல்ல நேரம். சமையலறை கடைசி ஆர்டரை எத்தனை மணிக்கு எடுக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பாவில் நிலைமை தலைகீழ். மாலை வெயில் எதிர்க்கரைக் கட்டடங்கள்மேல் பொன்னாக விழுவதால் சீக்கிரம் போவதே லாபம். டிசம்பரில் 4 மணிக்கே இருட்டிவிடும், பகல் காட்சிக்கு மதியச் சாப்பாடுதான் வழி.

முன்பதிவில் ‘வியூ வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் மூன்றாம் வரிசையும் வியூதான் என்று சொல்லிவிட முடியும். ‘ஆற்றோரம், முதல் வரிசை’ என்று எழுதி, அது உறுதியா என்று கேளுங்கள். திறந்தவெளி மேசை என்றால் மழை வந்தால் உள்ளே இடம் உண்டா என்பதையும். உணவகங்களுக்குள் புகைபிடிக்க 2017 மே 31 முதல் தடை. வெளியே உட்காரும் பகுதிக்கு அந்தத் தடை இல்லை. குழந்தையோடு போகிறவர்கள் இதை யோசித்து மேசை எடுக்கலாம்.

மெனுவில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது உணவுப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 1, 3, 7, 9 போன்ற எண்களில். அவை காரத்தின் அளவு அல்ல, ஒவ்வாமைக் குறியீடுகள்: 1 கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், 3 முட்டை, 4 மீன், 7 பால், 8 பருப்புக் கொட்டைகள், 9 செலரி. மொத்தம் 14. மாட்டிறைச்சிக்கோ பன்றிக்கோ அதில் எண் கிடையாது. எண்ணைப் பார்த்துச் சைவம் என்று முடிவுகட்டினால் ஏமாற்றம்தான்.

ஸ்விச்கோவா என்ற செக் உணவையே எடுத்துக்கொள்வோம். காரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர் எல்லாம் அரைத்து க்ரீம் சேர்த்த ஆரஞ்சு நிறக் குழம்பு. மேலே ஒரு எலுமிச்சை வில்லை, கொஞ்சம் கிரான்பெரி, ஒரு குமிழ் க்ரீம். பக்கத்தில் வெட்டிவைத்த ரொட்டி உருண்டைகள். பார்த்தால் காய்கறிக் குருமாதான். ஆனால் அந்தக் காய்கறிகள் மாட்டிறைச்சியோடு சேர்ந்து வெந்தவை, குழம்பில் இறங்கியிருப்பது அதன் சாறு. “கறி வேண்டாம், குழம்பு மட்டும்” என்றால் தட்டிலிருந்து துண்டுதான் போகும். காளான் சூப்பிலும் எலும்புச் சாறு இருக்கலாம், முட்டைக்கோஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். செக் மொழியில் ஹொவியெஸி என்றால் மாடு, வெப்ர்ஷொவே பன்றி, ஸாட்லோ பன்றிக் கொழுப்பு, வீவார் வேகவைத்த சாறு, பெரும்பாலும் இறைச்சியுடையது. இந்த நான்கு சொற்களையும் போனில் எழுதிவைத்து, “இவை நான்கும் இல்லாமல் என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். முன்பதிவிலேயே சொல்லிவிட்டால் சமையற்காரருக்கும் நேரம் கிடைக்கும்.

முழு மீனுக்கும் ஸ்டேக்குக்கும் போட்டிருக்கும் விலை சில இடங்களில் 100 கிராமுக்கு. 250 கொருனா (செக் நாணயம்) என்று பார்த்து ஆர்டர் செய்த மீன் 800 கிராம் எடை இருந்தால் பில்லில் 2,000 கொருனா ஏறும். எடையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். தண்ணீர் இலவசமாக வரும் என்றும் நினைக்க வேண்டாம். கேஸ் இல்லாத தண்ணீருக்கு ‘நெபெர்லிவா’ என்று சொல்ல வேண்டும். மேசைக்கு வரும் ரொட்டிக்கு ‘குவெர்ட்’ என்று ஆளுக்கு ஒரு தொகை சேரலாம். மெனுவின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்வது நம் வழக்கம். அங்கே ஆளுக்கொரு தட்டுதான், பகிர வேண்டுமென்றால் ஆர்டர் செய்யும்போதே காலித் தட்டுகள் கேளுங்கள். கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து இணையாக வைத்துவிட்டால் முடித்தாயிற்று என்று பொருள், பாதி உணவு இருந்தாலும் தட்டு போய்விடும்.

பில் தானாக வராது. ‘ஸாப்லாதீம், ப்ரோசீம்’ என்று கேட்க வேண்டும். வந்ததும் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் தனி டிப்ஸ் தேவையில்லை. இல்லையென்றால் 10 சதவீதம் வழக்கம். அதை மேசையில் வைத்துவிட்டு வருவதைவிட, கார்டு இயந்திரத்தில் தொகையைத் தட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது: பில் 4,000 என்றால் “4,400”. திரையில் ரூபாயா கொருனாவா என்று கேட்டால் கொருனாவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதம் அந்த இயந்திரக்காரர் வைத்ததுதான். யூரோ நோட்டை வாங்கிக்கொண்டாலும் மீதி கொருனாவில், அவர்கள் விகிதத்தில்தான் வரும்.