கன்ட்ரோலரின் புதிய வசதிகளை வீணாக்கும் தவறுகள்

விளையாட்டு உருவாக்கத்திற்குப் புதிதாக வருபவர்களின் முன்மாதிரிகளை விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. விளையாடுபவர் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் புதிய சென்சார் ஒன்று இருந்தால் அதை எப்படியாவது பயன்படுத்திவிட வேண்டும் என்ற ஆர்வம் அவர்களிடம் இருக்கிறது. அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் இடறும் இடங்கள் பெரும்பாலும் நான் இடறிய அதே இடங்களாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். சோதிக்காமல் வெளியிடுவது, பயிற்சிக் கட்டம் வைக்க மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளவைத் தரும் சென்சாரைப் பொத்தானாக மாற்றுவது

பொத்தானுக்குத் தெரிந்தது இரண்டே நிலைகள்: அழுத்தப்பட்டது, அழுத்தப்படவில்லை. புதிய வசதிகளில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக, எவ்வளவு என்பதைச் சொல்வதற்காகவே வைக்கப்படுகின்றன. எவ்வளவு பலமாக அழுத்தினார், எவ்வளவு சாய்த்தார், எவ்வளவு சத்தம் எழுப்பினார் என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. புதியவர் எழுதும் முதல் வரியோ பெரும்பாலும் "அளவு 0.6-ஐத் தாண்டினால் தாக்கு" என்பதாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியில் சென்சார் தாமதமான, நம்ப முடியாத ஒரு பொத்தானாகிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் இந்த வரி எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் ஏறக்குறைய மூன்று மாத உழைப்பை நான் இதே வரியில்தான் இழந்தேன்.

இருட்டில் விளக்குடன் நடக்கும் ஒரு விளையாட்டை அப்போது செய்துகொண்டிருந்தேன். மைக்கில் ஊதினால் விளக்கு அணைய வேண்டும். என் அறையில் அது பிசகாமல் இயங்கியது. பொதுமக்கள் விளையாடிப் பார்க்கும் ஒரு கூடத்தில் வைத்தபோது, பக்கத்து மேசையில் யாரோ கைதட்டியதும் விளக்கு அணைந்தது. அதைச் சரிசெய்ய வரம்பை உயர்த்தினேன். பிறகு ஒரு சிறுமி முகம் சிவக்க ஊதியும் சுடர் அசையவே இல்லை. கன்ட்ரோலர் பழுதாகிவிட்டது என்று நினைத்து அவள் அதைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். வரம்பை ஏற்றுவதும் இறக்குவதுமாக வாரக்கணக்கில் மல்லாடிய பிறகுதான், கேள்வியே தவறு என்பது எனக்குப் புரிந்தது.

மூச்சுக்காற்று மைக்கின் சவ்வில் நேரடியாக மோதும்போது எழும் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் திரண்டு, ஊதும் நேரம் முழுவதும் நீடிக்கும். கைதட்டலோ எல்லா அதிர்வெண்களிலும் பரவி நொடியின் சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். மொத்தச் சத்தத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தாழ்ந்த பகுதியைப் பிரித்து, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் பார்த்த பிறகு தவறான அணைப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் விளையாட்டைக் காப்பாற்றியது அதற்கடுத்த மாற்றம். மிக மெல்லிய மூச்சுக்கும் சுடர் சாயும்படி செய்தேன். மெல்ல ஊதினால் கங்கு கனிந்து சுடர் பிடிக்கும், பலமாக ஊதினால் அணையும். எவ்வளவு ஊத வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமல், சுடரைப் பார்த்தே விளையாடுபவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பாடம் எனக்கு முன்பே கண்ணெதிரில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேஷன் 2-இன் கன்ட்ரோலரில் பெரும்பாலான பொத்தான்கள் அழுத்தத்தை 0 முதல் 255 வரை அளந்து சொல்லக்கூடியவை. பல விளையாட்டுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2001-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 2 அதைப் புரிந்துகொண்டது: துப்பாக்கியைக் குறிவைத்த பின் பொத்தானைச் சட்டென்று விட்டால் சுடும், மெதுவாகத் தளர்த்தினால் சுடாமல் தாழ்த்தும். சுடலாமா வேண்டாமா என்ற தயக்கம் விரல்நுனிக்கே வந்துவிடுகிறது. 2002-இன் சூப்பர் மாரியோ சன்ஷைனில் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலில் (விளையாட்டுக் கருவியில்), கன்ட்ரோலரின் பின்பக்க விசையான ட்ரிக்கரைப் பாதியளவு அழுத்தினால் ஓடிக்கொண்டே தண்ணீர் பீய்ச்சலாம், அடிவரை அழுத்தினால் நின்று குறிபார்க்கலாம். பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 வந்தபோது அந்த அழுத்த உணர்வு பொத்தான்களிலிருந்து நீக்கப்பட்டது. அதன் தொடுபலகையையும் பல விளையாட்டுகள் ஒரு பெரிய பொத்தானாகவே பயன்படுத்தின.

ஆகவே இப்போது முன்மாதிரியைக் கொண்டுவரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்தச் செயலில் "கொஞ்சம்" என்பதற்குப் பொருள் உண்டா? கொஞ்சம் ஊதுவதற்கும் கொஞ்சம் சாய்ப்பதற்கும் பொருள் உண்டு. கொஞ்சம் கதவைத் திறப்பது உங்கள் கதையில் எதையும் மாற்றாது என்றால், அதைப் பொத்தானிடமே விட்டுவிடுங்கள்.

துல்லியம் தேவைப்படும் இடத்தில் அசைவைத் திணிப்பது

2007-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த லேர் என்ற விளையாட்டு, டிராகனைப் பறக்கவைக்கக் கன்ட்ரோலரைச் சாய்ப்பதையே ஒரே வழியாக வைத்தது. கட்டைவிரலால் நகர்த்தும் அனலாக் ஸ்டிக்கால் ஓட்டும் வசதி 2008-இல் அப்டேட்டாக வந்தபோது காலம் கடந்திருந்தது. மாற்று வழியை முதல் நாளிலேயே கொடுங்கள்.

எல்லோரிடமும் இருக்கும் என்று நம்புவது

கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸைக் கேம்கியூபுடன் கேபிளால் இணைத்து, ஒவ்வொருவருக்கும் தனித் திரை தருவது அருமையான யோசனை. ஆனால் 2003-இன் ஃபைனல் ஃபேன்டஸி: கிரிஸ்டல் க்ரானிக்கிள்ஸைப் பலர் சேர்ந்து ஆட, ஒவ்வொருவருக்கும் ஒரு கேம்பாயும் ஒரு கேபிளும் வேண்டும், நால்வர் என்றால் நான்கு. கன்சோலுடனேயே தரப்படும் கருவிக்கும் உத்தரவாதம் கிடையாது. 2013 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுடன் சேர்த்தே விற்கப்பட்ட, உடலசைவைப் பார்க்கும் கேமராவான கினெக்ட், 2014 ஜூனிலேயே பெட்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதை நம்பித் திட்டமிட்டவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வசதி போன பின்பும் குறிப்பை விட்டுவைப்பது

நின்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் கன்சோலின் இரண்டாவது கன்ட்ரோலரில் மைக் இருந்தது. செல்டா தொடரின் முதல் விளையாட்டில் பெரிய காதுகள் கொண்ட போல்ஸ் வாய்ஸ் என்ற எதிரியை அதில் கத்திக் கொல்லலாம். அமெரிக்காவில் விற்ற கன்ட்ரோலரில் மைக் இல்லை, ஆனாலும் அந்த எதிரிக்கு உரத்த சத்தம் பிடிக்காது என்ற வரி கையேட்டில் அப்படியே நின்றது. அங்கே அதை எளிதில் கொன்றதோ அம்பு. விளையாட்டை வேறு கருவிக்கு மாற்றும்போது திரையில் வரும் ஒவ்வொரு குறிப்பையும் மறுபடி படியுங்கள்.

வசதியை அணைத்துவைக்க வழி தராதது

எல்லோருடைய கையும் ஒரே மாதிரி அசைவதில்லை.

கூடுதல் திரையை அலங்காரமாக்குவது

சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரில் செருகும் சேமிப்புக் கருவியான விஎம்யுவில் 48 × 32 புள்ளிகள் கொண்ட ஒற்றை நிறத் திரை இருந்தது. பல விளையாட்டுகள் அங்கே தங்கள் சின்னத்தைக் காட்டியதோடு நின்றன. அமெரிக்கக் கால்பந்து விளையாட்டான என்எஃப்எல் 2கே தொடரோ, அடுத்து ஆடப்போகும் வியூகத்தை எதிராளி பார்க்காமல் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தியது. தொலைக்காட்சி ஒன்றை வைத்துக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஆடும்போது, ரகசியம் வைக்க வேறு இடமே கிடையாது. இரண்டாவது திரையைக் கையில் எடுப்பவர்கள், அதில் எதைக் காட்டலாம் என்று யோசிப்பதற்கு முன், பெரிய திரையில் காட்டக்கூடாதது என்ன இருக்கிறது என்று பட்டியலிடட்டும்.

பேட்டரி

விஎம்யுவின் பேட்டரிகள் விரைவில் தீர்ந்தன. தீர்ந்துபோகக்கூடிய எதன்மீதும் ஆட்டத்தின் முன்னேற்றத்தை ஏற்றிவைக்காதீர்கள்.